கேஸ் எங்கே போச்சு?

உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் கடைசியாக எப்போது கேஸ் போட்டீர்கள்?

யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் 'போட்டதே இல்லையே' என்றுதான் பதில் வரும். கல்யாணத்துக்குச் சீராக வந்த ஃப்ரிட்ஜ், பிள்ளை காலேஜ் போகிற வரைக்கும் சமையலறை மூலையில் முனகிக்கொண்டே ஓடுகிறது. ராத்திரி, பகல், ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எதற்கும் லீவு கிடையாது.

சரி, ஏ.சி.க்கு எப்போது கேஸ் போட்டீர்கள்? 'போன ஏப்ரல்ல போட்டோம். அதுக்கு முந்தின வருஷமும் போட்ட ஞாபகம்...'

இரண்டு மெஷினும் ஒரே விஞ்ஞானம்தான். மூடிய குழாய்க்குள் ஒரு வாயு சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே போய்த் திரவமாகி அந்த வெப்பத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. அது பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. அடுப்பு சிலிண்டர் மாதிரி காலியாவதில்லை. மெஷின் சாகிற வரை அந்த கேஸ் அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால், எங்கேயோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

'கேஸ் தீர்ந்துபோச்சு சார்' என்று மெக்கானிக் சொல்கிறார். நாம் தலையாட்டுகிறோம். மூவாயிரமோ நாலாயிரமோ எண்ணிக் கொடுக்கிறோம். சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஆகி, கடைக்காரர் பஞ்சர் ஒட்டாமல் காற்றை மட்டும் அடித்துவிட்டு மூவாயிரம் கேட்டால் விடுவோமா? தெருவே கூடியிருக்கும். ஏ.சி. விஷயத்தில் மட்டும் காபி கொடுத்து அனுப்புகிறோம்.

ஃப்ரிட்ஜில் ஏன் கசிவதில்லை? அதன் குழாய்கள் ஃபேக்டரியிலேயே பற்றவைத்து மூடப்பட்டு வருகின்றன. ஸ்ப்ளிட் ஏ.சி. அப்படி இல்லை. பாதி மெஷின் உள்ளே, பாதி வெளியே. நடுவில் காப்பர் பைப். அந்த பைப்பின் முனையைப் புனல் மாதிரி விரித்து, நட்டு போட்டு இறுக்குவது நம் வீட்டில், ஒரு ஸ்டூல் மேல் நின்றுகொண்டு, அவசரத்தில் நடக்கிறது. விரித்ததில் ஒரு சின்னப் பிசிறு, இறுக்கியதில் ஒரு சுற்றுக் குறைவு, அவ்வளவு போதும். கேஸ் ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கடலோரத்து வீடாக இருந்தால் உப்புக் காற்று காயிலை அரித்து வேறு பாதை போட்டுக் கொடுக்கும். ஆக, பல வீடுகளில் ஏ.சி.யின் வியாதி அதைப் பொருத்திய அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறது. கம்பெனி, மாடல், ஸ்டார் என்று மூன்று வாரம் ஆராய்ச்சி செய்கிற நாம், பொருத்துகிற அந்த ஒரு மணி நேரத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது கதையின் இரண்டாம் பாகம். மூன்று வருடம் கேஸ் அடித்த அதே வாய், நான்காவது வருடம் சொல்கிறது: 'பழைய மெஷின் சார். இதுக்கு இனிமே செலவு பண்றது வேஸ்ட். புதுசு வாங்கிடுங்க. தெரிஞ்ச கடை இருக்கு, நான் சொன்னா விலை குறைப்பாங்க.' இறந்துவிட்டார் என்று சான்றிதழ் எழுதுகிற டாக்டரே பக்கத்துத் தெருவில் சவப்பெட்டிக் கடையும் வைத்திருந்தால், அந்தச் சான்றிதழை நம்புவீர்களா? என் சண்டை இங்கேதான். ஏ.சி.யை ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா என்ற முடிவை, மாற்றினால் லாபம் அடைகிறவரிடம் ஒப்படைத்துவிட்டு, 'என்னங்க பண்றது, காலம் அப்படி' என்று பெருமூச்சு விடுகிறோம்.

அதுவும் எப்போது முடிவெடுக்கிறோம்? கத்திரி வெயிலில். வெளியே நாற்பதைத் தாண்டி கொதிக்கிறது (சென்னை 2003 மே 31 அன்று 45 டிகிரியைப் பார்த்த ஊர்). மொட்டை மாடிக்குக் கீழே உள்ள ஃபிளாட். உள்ளே வயதான அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, பிள்ளைக்கு வேர்க்குரு. அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடுவோம். விற்பவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பிப்ரவரியில் ஒரு நாள் ஏ.சி.யை அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, கோளாறு இருந்தால் அப்போதே ஆளைக் கூப்பிடுங்கள். பேரம் பேச நேரம் இருக்கும். இரண்டாவது மெக்கானிக்கிடம் காட்டவும் நேரம் இருக்கும்.

மெக்கானிக்கைத் திட்டிவிட்டுக் கட்டுரையை முடிப்பது சுலபம். அது நியாயமாக இருக்காது. நாலாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, ஒரு சிமென்ட் விளிம்பில், இடுப்பில் பெல்ட் கூட இல்லாமல் நின்று நம் அவுட்டோர் யூனிட்டைக் கழுவுகிறவர் அவர். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை கம்ப்ளெயின்ட் முடித்தாய் என்பதுதான் அவரிடம் கேட்கப்படுகிற கணக்கு. ஓட்டையைக் கண்டுபிடிக்க சில மணி நேரம் ஆகலாம். கேஸ் அடிக்க அரைமணி போதும். முதல் வேலைக்குக் கூலி தர நாம் முகம் சுளிக்கிறோம்; 'பார்த்ததுக்கே ஐந்நூறா?' என்கிறோம். இரண்டாவதற்கு மறு பேச்சு இல்லாமல் மூவாயிரம் தருகிறோம். எதற்குக் காசு கிடைக்குமோ அதைத்தானே அவர் செய்வார்? நோய் கண்டுபிடிக்கத் தனியாகக் கூலி கொடுங்கள். ஐந்நூறு என்ன, ஆயிரம் கொடுங்கள். அப்புறம், 'கேஸ் எங்கே போச்சு?' என்று கேளுங்கள்.

முறையாகச் செய்கிறவர் எப்படிச் செய்வார்? குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றுவார். இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பார். குமிழி வருகிற இடத்தைச் சரி செய்வார். பிறகு வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பார். கடைசியாக, மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ, அத்தனை கிராம் கேஸைத் தராசில் வைத்து நிறுத்து ஏற்றுவார். உங்கள் வீட்டுக்கு வருகிறவரிடம் தராசு இருக்கிறதா? பம்ப் இருக்கிறதா? தோளில் ஒரு சிலிண்டரும் கையில் ஒரு ஸ்பானரும் மட்டும் இருந்தால், அவர் காற்று அடிக்க வந்திருக்கிறார்.

குளிர் குறைந்தாலே கேஸ்தான் காரணம் என்பதும் கிடையாது. ஃபில்டரில் அரை அங்குலத் தூசி இருக்கும். அவுட்டோர் யூனிட்டைச் சுற்றிப் பழைய சாமான் அடுக்கியிருப்போம். மேற்குச் சுவரும் மொட்டை மாடியும் அடுப்பு மாதிரி காய்ந்திருக்கும். அந்த ரூமுக்குப் புது ஏ.சி. வாங்குவதைவிட மாடிக்கு வெள்ளை அடிப்பது மலிவு. இன்னொரு பழைய நாடகம்: 'கம்ப்ரஸர் போச்சு சார்.' வெளியே ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரஸர் மட்டும் உம்மென்று முனகிவிட்டு நின்றுவிடுகிறது என்றால், சாதாரண மாடல்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெபாசிட்டரை. சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாற்றிப் பார்க்காமலே கம்ப்ரஸருக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறவர்கள் உண்டு.

இன்வெர்ட்டர் ஏ.சி.யில் நாடகத்தின் பெயர் 'போர்டு போச்சு.' அதில் உண்மையும் இருக்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்கினால் போர்டு போகும். நம் ஊரில் பல்லி உள்ளே புகுந்து, தானும் செத்து, போர்டையும் கொன்றுவிட்டுப் போகும். கம்பெனி ஆள் போர்டை ரிப்பேர் செய்ய மாட்டார். முழுசாக மாற்றச் சொல்வார், விலை ஐந்து இலக்கத்தை நெருங்கும். அந்த விலையைக் கேட்டதும் நாம் புது ஏ.சி. பக்கம் சாய்ந்துவிடுவோம். ஆனால் எரிந்துபோனது பல நேரங்களில் போர்டில் இருக்கிற ஒரு சின்ன உதிரிதான். கழற்றிக்கொண்டு போய் போர்டு ரிப்பேர் செய்கிறவரிடம் காட்டினால் சில நூறிலோ, ஓரிரு ஆயிரத்திலோ முடிந்துவிடுகிற வாய்ப்பு உண்டு. ரிச்சி தெருப் பக்கம் நடந்து பாருங்கள். 'செத்துப்போனது' என்று சொல்லப்பட்ட எத்தனை சாமான்கள் அங்கே கண் விழிக்கின்றன!

அடுத்தது அரசாங்கத்தின் பெயரால் காட்டுகிற பூச்சாண்டி. 'உங்க ஏ.சி.யில இருக்கிறது ஆர்-22 சார். கவர்ன்மென்ட் தடை பண்ணிட்டாங்க.' இது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. ஓசோன் படலத்தைக் காப்பாற்ற 1987-ல் போடப்பட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி ஆர்-22 படிப்படியாக விடைபெறுகிறது. நம்மைப் போன்ற வளரும் நாடுகள் 2025-ல் 67.5 சதவீதம், 2030-ல் 97.5 சதவீதம் குறைக்க வேண்டும். மிச்சமுள்ள 2.5 சதவீதம் எதற்குத் தெரியுமா? பழைய மெஷின்களைச் சர்வீஸ் செய்வதற்கு, 2040 வரை. அதாவது உங்கள் பழைய ஏ.சி.யும் பிழைத்துப் போகட்டும் என்று உலக நாடுகள் உட்கார்ந்து பேசி இடம் விட்டிருக்கின்றன. நம் மெக்கானிக்தான் விடவில்லை. அந்த கேஸின் விலை ஏறும், கலப்படம் வரும் என்பது நிஜம். அதற்காக 'இதுலயே வேற கேஸ் போட்டுடலாம் சார்' என்று யாராவது சொன்னால் மட்டும் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-290 என்பது சாட்சாத் புரொப்பேன். அவற்றுக்கென்று செய்யாத மெஷினில் ஏற்றுவது விளையாட்டல்ல.

இப்போது கணக்கு. (பி.காம். படித்தவனிடம் மாட்டிக்கொண்டீர்கள், இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.) 'புது ஏ.சி. வாங்கினால் கரன்ட் பில்லிலேயே காசு திரும்ப வந்துவிடும்' என்று கடையில் சொல்கிறார்களே, வருமா?

புது ஏ.சி. ஸ்டார் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் ஆகிற செலவு. ஒன்றரை டன் மெஷின் ஒன்றில் 800 யூனிட் என்று போட்டிருக்கிறது, திறன் எண் 5 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பழைய மெஷினின் திறன் 3. அப்படியானால் அதே குளிருக்குப் பழையது ஏறக்குறைய 1,330 யூனிட் சாப்பிடும். வித்தியாசம் 530 யூனிட். ஒரு மணி நேரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு யூனிட். உங்கள் பில்லில் ஏ.சி. ஏற்றிவிடுகிற கடைசி ஸ்லாப் ரேட் எட்டு ரூபாய் என்றால், ஓடுகிற ஒவ்வொரு மணிக்கும் மிச்சம் சுமார் இரண்டே முக்கால் ரூபாய்.

இனி இரண்டு வீடுகள். முதல் வீட்டில் தினம் பத்து மணி நேரம், வருடத்தில் 300 நாள் ஓடுகிறது. மொத்தம் 3,000 மணி. மிச்சம் சுமார் 8,000 ரூபாய். இரண்டாவது வீட்டில் ஏப்ரல், மே, ஜூன் ராத்திரிகளில் மட்டும் ஆறு ஆறு மணி நேரம். மொத்தம் 540 மணி. மிச்சம் சுமார் 1,440 ரூபாய். புது மெஷின் எல்லாம் சேர்த்து 45,000, பழையதை ரிப்பேர் செய்ய 6,000 என்றால், நீங்கள் கூடுதலாகப் போடுவது 39,000. முதல் வீட்டுக்காரருக்கு அது ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். தாராளமாக மாற்றலாம். இரண்டாம் வீட்டுக்காரருக்கு? 27 வருடம்! அதற்குள் புது மெஷினே இரண்டு தடவை எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருக்கும். அதாவது, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான முடிவு உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கலாம். ஆனால் கடையில் இருவருக்கும் ஒரே பல்லவிதான். 'எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க?' என்று எந்த விற்பனையாளராவது உங்களைக் கேட்டாரா?

'பத்து வருஷம் ஆச்சு, மாத்திடணும்' என்கிற விதிக்கும் ஆதாரம் கிடையாது. கம்பெனிக் கணக்கில் மெஷினுக்கு வருடாவருடம் தேய்மானம் எழுதுவோம். ஏட்டில் மதிப்பு பூஜ்யத்தை நெருங்கியும் ஃபேக்டரியில் ஜோராக ஓடுகிற மெஷின்கள் எத்தனையோ. அதேபோல, 'போன வருஷம்தான் எட்டாயிரம் போட்டேன், இதைத் தூக்கி எறியறதா?' என்கிற பாசமும் வேண்டாம். போன வருடம் போட்ட காசு போனதுதான். இந்த வருட முடிவில் அதற்கு ஓட்டுரிமை இல்லை.

மாற்றியே ஆக வேண்டிய மெஷின்களும் உண்டு. காயில் பல இடங்களில் அரித்து, ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்தது திறக்கிறதென்றால் விட்டுவிடுங்கள். வாரண்டி முடிந்த பழைய ஆர்-22 மெஷினில் கம்ப்ரஸர் நிஜமாகவே செத்துவிட்டால், அதற்குப் புது இதயம் வைக்காதீர்கள். ராத்திரி பகல் ஏ.சி. ஓடுகிற வீடாக இருந்தால், ரிப்பேர் ஆவதற்கு முன்பே மாற்றுவது லாபம்.

மாற்றுவது என்று முடிவானாலும் கடையில் விழித்திருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. பத்துப் பாயின்ட் குறைந்தது என்று கணக்கைப் போட்டுக்கொண்டு போனால், ஸ்டாண்ட் தனி, கூடுதல் காப்பர் பைப் அடிக்கு இவ்வளவு, ஸ்டெபிலைசர் தனி, சுவரில் துளை போட தனி என்று பட்டியல் நீளும். 'கம்ப்ரஸருக்குப் பத்து வருஷ வாரண்டி' என்று பெரிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, கேஸ், கூலி, வண்டிச் செலவு அதில் சேருமா என்று பொடி எழுத்தில் தேடுங்கள். 'உங்களோடது பழைய ஸ்டார் சார்' என்பார்கள். 2022 ஜூலையில் ஸ்டார் அளவுகோலை இறுக்கினார்கள். அதற்கு முன் ஐந்து ஸ்டார் வாங்கிய மெஷின்களில் பல, புது அளவுகோலில் நாலு ஆகிவிட்டன. மெஷின் அதேதான். மார்க் போடுகிற வாத்தியார்தான் மாறிவிட்டார்.

இதையெல்லாம் வாசகரே தனி ஆளாகச் சமாளிக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஃபிரான்ஸில் 2021 முதல் வாஷிங் மெஷின், டி.வி., செல்போன் போன்றவற்றின் மீது, 'இதை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம்' என்று பத்துக்கு இத்தனை மார்க் என ஒட்டியாக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022-ல் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு கமிட்டி போட்டது, இணையதளமும் திறந்தது. வீட்டுச் சாதனங்களும் அதில் அடக்கம். நல்லது. ஆனால் ஏழு வயது ஏ.சி.க்கு போர்டு கேட்டால் 'அந்த மாடல் நிறுத்திட்டோம்' என்று கம்பெனி கையை விரிக்கும்போது அந்த இணையதளம் குளிர் தராது. ஸ்டார் லேபிள் ஒட்டாமல் விற்கக்கூடாது என்று அரசாங்கத்தால் சொல்ல முடிந்தது. இத்தனை வருடம் உதிரி பாகம் கிடைக்கும், அதன் விலை இது என்று அதே லேபிளில் அச்சடிக்கச் சொல்ல எது தடுக்கிறது?

நம் கையில் இருக்கிற ஆயுதம் சின்னது: பில். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தராததே முறையற்ற வணிகம். என்ன கோளாறு, எங்கே கசிவு, எத்தனை கிராம் என்ன கேஸ் என்று அந்த பில்லில் எழுதி வாங்குங்கள். ஒரு மாதத்தில் திரும்ப குளிர் குறைந்தால் 1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் பேசும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. எழுதச் சொன்னதுமே, 'இருங்க சார், இன்னொரு தடவை பார்த்துடறேன்' என்று சிலர் மறுபடி ஸ்டூலில் ஏறுவதும் உண்டு.

காசோடு முடிகிற விஷயமும் இல்லை இது. ஒரு கிலோ ஆர்-22 காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது ஏறக்குறைய 1,800 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். சுமார் 780 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. உங்கள் ஸ்கூட்டரில் எத்தனை வருடப் பெட்ரோல் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைக்காமல் வருடாவருடம் கேஸ் அடிப்பது, அடுத்த கத்திரியை நாமே காசு கொடுத்து வரவழைப்பது.

எக்ஸ்சேஞ்சில் பழைய மெஷினைக் கழற்ற ஆள் வருகிற அன்று ஆபீஸுக்குக் கொஞ்சம் லேட்டாகப் போங்கள். கம்ப்ரஸர் ஓடுகிற நிலையில் இருந்தால், ஒரு வால்வை மூடி, மெஷினைச் சில நிமிடம் ஓட்டி, கேஸ் முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட முடியும். 'பம்ப் டவுன்' என்பார்கள். மெக்கானிக் எல்லோருக்கும் தெரியும். செய்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கட்டிங் பிளேயரை எடுத்து பைப்பை வெட்டிவிடுவார். 'உஸ்' என்று அரை நிமிடம் சத்தம் வரும். அது என்ன சத்தம் என்று பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.